கறுப்பை மட்டும் பார்க்கும் மிஷின்

எனக்கு நடந்த அநியாயம் ஐந்து. முதலாவது, நாலாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு முந்தின வாரம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துத் தறிக்கூடத்தில் விட்டார்கள். இரண்டாவது, இருபது வயதில் எனக்கு ஒரு பெண்ணைக் கட்டி வைத்தார்கள். அவள் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பவானிக்கே திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அவள் அண்ணன் ஊர்க்கூட்டத்தில் சொன்னான். எனக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு அண்ணன் இல்லை. மூன்றாவது, கூலி உயர்வுப் போராட்டத்தில் போலீஸ் என் இடது முழங்காலை உடைத்தது. நாலாவது, நான் முதன்முதலாகச் சேலை கட்டிக்கொண்டு சங்க ஆபீசுக்குப் போன அன்று, நான் எப்போதும் உட்காரும் நாற்காலியை எடுத்து டீ கேன் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஐந்தாவது, லேசர்.

இந்த வரிசையை மாற்றக்கூடாது அம்மிணி. வரிசை மாறினால் அது புலம்பல். வரிசையாகச் சொன்னால் அது குற்றச்சாட்டு. என் பேச்சு நோட்டீஸ் படிக்கிற மாதிரி இருக்கிறது என்று யாழினி கேலி செய்வாள். இருக்கட்டும். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே சங்கத்து நோட்டீசில்தான். மில் கேட்டில் கொடுப்பதை வாங்கி, தறி ஓடும்போதே பாவு நூல் மேல் விரித்து வைத்துப் படிப்பேன். நாலாம் வகுப்பு வரை வாத்தியார் சொல்லிக் கொடுத்ததைவிட அது சொல்லிக் கொடுத்தது அதிகம்.

நீங்கள் பஸ்ஸில் ஏறினதும் முதலில் என் சேலையைப் பார்த்தீர்கள். பக்கத்தில் உட்காரலாம் என்று வந்தீர்கள். அப்புறம் முந்தானை விலகித் தாடியைப் பார்த்தீர்கள். எழுந்து போக வேறு சீட்டு இல்லை. கோபம் இல்லை, சும்மா சொல்கிறேன். அந்தக் கண்டக்டரைப் பார்த்தீர்கள்தானே? உங்களுக்குப் பட்டென்று இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். என்னிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. தாடிக்குக் காசு வாங்குவதா, சேலைக்குச் சும்மா விடுவதா என்று அவருக்குக் குழப்பம். "திருநங்கைகளுக்கும் இலவசம்தாங்க, அரசாணை இருக்குது, நம்பரோட சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாமுங்க சாமி" என்று கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சாமியாம். ஆண் என்று சொல்லவும் பயம், பெண் என்று சொல்லவும் பயம், அதனால் சாமி.

தாடி ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் அதையே பார்க்கிறீர்கள். ஈரோடு போய்ச் சேர நேரம் இருக்கிறது, சொல்கிறேன்.

ஈரோட்டில் ஒரு தோல் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அவர்களுக்கும் எங்களுக்கும் இப்போது உடன்பாடு இருக்கிறது. யாழினிதான் கூட்டிப் போனாள். யாழினி எங்கள் பிள்ளை, சின்னப் பெண், செல்போன் கடையில் வேலை. என்னைத் தோழரம்மா என்று கூப்பிடுவாள். அவளுக்கும் முகத்தில் முடி, எனக்கும் முகத்தில் முடி. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஒரே டாக்டரைப் பார்த்தோம். டாக்டர் நிவேதா. எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயதுகூட இருக்காது. பூதக்கண்ணாடியை வைத்து என் தாடையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஹார்மோன் மாத்திரை சாப்பிடறீங்களா?"

"பெரியாஸ்பத்திரியில குடுக்கறாங்க. நெஞ்சுக்கு வேலை செய்யுது. தாடைக்குத்தான் செய்ய மாட்டேங்குது."

"ஒருதடவை வந்த தாடி மாத்திரைக்குப் போகாதுங்க. ஆனா உங்களுக்கு லேசர் ஒத்து வராதுங்கம்மா. பாதிக்கு மேல நரைச்சிருச்சு. லேசர் கறுப்பைத்தான் பார்க்கும். வெள்ளை முடி அதுக்குக் கண்ணுக்கே தெரியாது."

"கறுப்பை மட்டும் பார்த்துச் சுடற மிஷினா? அது போலீஸ் ஸ்டேஷன்ல இருக்க வேண்டியதுங்க. இங்க எப்படி வந்துச்சு?"

யாழினி சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு எலக்ட்ராலிசிஸ்தாங்க சரி. மெல்லிசா ஊசி. ஒவ்வொரு முடியா, வேர் வரைக்கும் விட்டு, கரண்ட் குடுத்துச் சுடறது. கறுப்பு வெள்ளை எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். ரெண்டு வருஷம்கூட ஆகும். ஆனா போன முடி போனதுதான்."

"இவளுக்கு?"

"அவங்களுக்கு லேசர் நல்லா வேலை செய்யும். எல்லாம் கறுப்பு முடி. ஆறு மாசம் போதும்."

பார்த்தீர்களா? ஒரே பெஞ்சு, ஒரே வியாதி. சின்னவளுக்கு மிஷின், பெரியவளுக்கு ஊசி. அவளுக்கு ஆறு மாதம், எனக்கு இரண்டு வருஷம். பாகுபாடு என்று நோட்டீசில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். நேரில் வந்து முன்னால் நின்றால் எனக்கு அடையாளம் தெரியாதா?

எனக்கு இரண்டு வருஷம் கிடையாது அம்மிணி. சங்கத்தின் மாவட்ட மாநாட்டுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகள் பெயரை மேடையில் படிப்பார்கள். அதில் என் பெயரைப் பெண் பெயராகப் படிக்க வேண்டும் என்று கமிட்டியில் கேட்டிருந்தேன். மரகதம். யாழினியின் தோழிகள் எல்லாம் சினிமாக்காரிகள் பெயராக வைத்துக்கொள்கிறார்கள். "என்ன தோழரம்மா, ஆயா பேரா இருக்குது" என்றார்கள். ஆமாம், எனக்கு ஐம்பத்தாறு வயது. நான் பெண்ணாகவே பிறந்திருந்தால் எங்கள் தெருவில் அந்த வருஷம் என்ன பெயர் வைத்திருப்பார்களோ, அதைத்தான் வைத்துக்கொண்டேன். செயலாளர் நாச்சிமுத்து ஒரே வார்த்தைதான் சொன்னான். "முகத்தச் செரி பண்ணிக்க. அப்புறம் நானே படிக்கறேன்." நாச்சிமுத்துவும் நானும் ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்துத் தறி. அவன் சொன்னால் செய்வான்.

அதனால் லேசர்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். கொடுக்க மாட்டேன் என்றால் வாங்கத் தெரியும். நோட்டீஸ் அடித்தேன். தலைப்பு, "லேசர் யாருடைய சொத்து?" எங்கள் பிள்ளைகளை எல்லாம் திரட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தேன். நான் குரல் கொடுத்தால் எதிர்ச்சாரியில் இருக்கிற பேக்கரிக்காரன் ஷட்டரை இறக்குவான், அப்படிப்பட்ட குரல். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முதலாளியே இறங்கி வந்துவிட்டார். எங்களுக்குப் பாதிக் கட்டணம், வாரத்தில் ஒரு நாள் எங்களுக்கென்றே ஒதுக்குவது. கையெழுத்து.

என் வாழ்க்கையில் ஒரே நாளில் ஜெயித்த போராட்டம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பாதியில் நின்றது, பேச்சுவார்த்தையில் கரைந்தது. இது மட்டும் முழு வெற்றி.

அந்த டாக்டர் பொண்ணு வாசல் வரைக்கும் ஓடி வந்தது. "மத்தவங்களுக்கு ரொம்ப நல்லதுங்கம்மா. நீங்க மட்டும் வேண்டாங்க. வலிதான் மிச்சம்."

"உடன்பாட்டுல கை வைக்காதீங்க டாக்டர்" என்றேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒரு டாக்டருக்குத் தான் சொல்வது சரி என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டாமா? நான் போலீசை எதிர்த்து நின்றேனே. நிர்வாகம் சீக்கிரம் இறங்கி வந்தால் சந்தேகப்படுங்கள் என்று எத்தனை வாயிற்கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கே மறந்துவிட்டது. மறக்கும்படி செய்துவிட்டார்கள்.

லேசர் எப்படி இருக்கும் தெரியுமா? ரப்பர் பேண்டை இழுத்து முகத்தில் சுண்டுகிற மாதிரி. சுண்டச் சுண்டக் கோழி வாட்டுகிற வாடை. ஒவ்வொரு மாதமும் போனேன். கறுப்பு முடி உதிர உதிர எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பொண்ணு சொன்னது பொய் என்று யாழினியிடம் கண்ணாடியைக் காட்டிச் சொன்னேன். கறுப்பெல்லாம் போய் முடிந்தது. வெள்ளை அத்தனையும் அப்படியே நின்றது. முன்பு இரண்டும் கலந்து இருந்தபோது முரடன் மாதிரி இருப்பேன். இப்போது வெள்ளை மட்டும். தாத்தா.

நீங்கள் சிரிக்கலாம் அம்மிணி. பரவாயில்லை.

நான் விடவில்லை. கறுப்பைத்தானே பார்க்கும்? அப்படியானால் கறுப்பைக் காட்டுகிறேன். தலைக்குப் பூசுகிற சாயப் பாக்கெட் வாங்கி வந்தேன். குழைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தாடை முழுக்கப் பூசி ஊற வைத்துக் கழுவினேன். கண்ணாடியில் பார்த்தால் இருபத்தைந்து வயதுப் பையன் தாடி. மேலாகச் சவரம் செய்துகொண்டு போனேன். அன்று புது நர்ஸ். கறுப்பு இருக்கிறதே என்று மிஷினை நன்றாக அழுத்தினாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் மரு எடுக்க வந்தவன் எழுந்து ஓடிவிட்டான். இதோ, இங்கே தழும்பு, இங்கே, காது வரைக்கும்.

டாக்டர் பொண்ணு அழுதுவிட்டது. "சாயம் வேருக்குப் போகாதுங்கம்மா. தோல்லதான நிக்கும். மிஷின் தோலைச் சுட்டிருச்சு."

"இதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமா?"

"நீங்க தாடிக்குச் சாயம் அடிச்சிட்டு வருவீங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"போர்டுல எழுதிப் போட்டிருக்கோணும்."

இப்போது போர்டில் எழுதியிருக்கிறார்கள். 'முகத்தில் சாயம் பூசி வரக்கூடாது.' முதல் வரியே அதுதான். நான் வாங்கிக் கொடுத்த வரி. போனால் படித்துப் பாருங்கள்.

அதற்குள் யாழினிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் முகம் உரித்து வைத்த நுங்கு மாதிரி ஆகிவிட்டது. பாதிக் கட்டணத்தில். யாழினி வீட்டில் பிரியாணி போட்டு எனக்கு மாலை போட்டார்கள். ஒவ்வொருத்தியும் வந்து என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். "தொட்டுப் பாருங்க தோழரம்மா, தொட்டுப் பாருங்க." நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். போராடினது நான். கன்னம் அவளுகளுக்கு. இதில் எனக்கு என்ன கிடைத்தது, நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் வேறு வழியில்லாமல் ஊசிக்குப் போனேன். பிலோமினா. நர்ஸ் வேலையை விட்டுவிட்டு இதைப் படித்துக்கொண்டு வந்தவள். மாதத்தில் முதல் திங்கட்கிழமை மட்டும் கோயம்புத்தூரிலிருந்து ஈரோட்டுக்கு வருவாள். ஒரு பியூட்டி பார்லர் மாடியில் அறை. முடியைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை விட்டு, கரண்ட் கொடுத்து எடுக்கும்போது "போச்சு" என்பாள். அடுத்த முடி. "போச்சு." அவ்வளவுதான் பேச்சு. கண்ணில் தண்ணீர் தானாக வரும். மேலுதட்டுக்கே மூன்று மாதம் ஆனது. ஆனால் பாருங்கள், தொட்டுப் பாருங்கள் என்றுகூடச் சொல்வேன், மேலுதட்டில் ஒன்றும் இல்லை. போனது போனதுதான். அந்த டாக்டர் சொன்ன ஒரே உண்மை.

ஆனால் பிலோமினாவிடம் ஒரு சட்டம். ஊசிக்கு வரும் முன்னால் ஒரு வாரம் சவரம் செய்யக்கூடாது. பிடுங்கவும் கூடாது. "புடிக்கறதுக்கு எனக்கு முடியோட தலை வேணும்ல? வளத்துட்டு வாங்க." லேசருக்கு வழித்துக்கொண்டு வா என்றார்கள், ஊசிக்கு வளர்த்துக்கொண்டு வா என்கிறார்கள். முதல் தடவை நான் வெட்கப்பட்டு, எங்கள் பெரியவர்கள் செய்கிற மாதிரி இடுக்கியால் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டுப் போனேன். பிலோமினா விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டாள். "வேர் உள்ள இருக்குது, முடி வெளிய இல்ல. நான் எதைப் புடிக்க? வீட்டுக்குப் போங்க."

அதனால் மாதத்தில் ஒரு வாரம் இப்படி. எல்லாப் பெண்களுக்கும் மாதத்தில் சில நாள் ஒதுங்கல் உண்டு. எனக்கும் வந்துவிட்டது, இந்த ரூபத்தில். அந்த வாரம் கடைக்குப் போக மாட்டேன், தண்ணீர்க் குழாய்க்குப் போக மாட்டேன்.

நடுவில் இரண்டு தடவை நான் போகவில்லை. ஒன்று, ஒரு கூடத்தில் கதவடைப்பு, மறியலுக்குப் போய்விட்டேன். இன்னொன்று சகுந்தலாவின் சாவு.

பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. நல்லது. சகுந்தலாவைப் பற்றிச் சொல்லாமல் மீதி புரியாது.

சகுந்தலா என்னைவிட மூத்தவள். எனக்கு முதல் சேலை கட்டிவிட்டவள் அவள்தான். நாற்பது வருஷம் பெண்ணாக வாழ்ந்தாள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். அந்தப் பத்து நாளும் யார் அவளுக்குச் சவரம் செய்வார்கள்? செத்ததும் வேறு ஊரிலிருந்து அண்ணன் தம்பி வந்து உடம்பை வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது குளிப்பாட்டி வேட்டி கட்டிக் கிடத்தியிருந்தார்கள். முகம் முழுக்க வெள்ளை முள். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் ஒரு ஆம்பளைப் பெயர். அது யார் என்று எங்கள் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. "வேற வீட்டுக்கு வந்துட்டமா தோழரம்மா?" என்று யாழினி கேட்டாள்.

நான் சண்டை போட்டேன். "இது சகுந்தலா. சேலை குடுங்க, நாங்க கட்டறோம்" என்றேன். அவள் தம்பி பிணத்தின் தாடையைப் பிடித்துத் திருப்பி என்னிடம் காட்டினான். "இதுக்கா சேலை கட்டறீங்க?" என்றான். பிணத்துக்கு வாய் இல்லை. முகம்தான் சாட்சி சொன்னது, அதுவும் பொய்ச்சாட்சி.

அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை அம்மிணி. நான் உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் வாதாடுவேன். செத்த பிறகு என்ன செய்வேன்? எனக்கும் அக்கா பையன்கள் இருக்கிறார்கள், தாரமங்கலத்தில். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காதவர்கள் பிணத்துக்கு ஓடி வருவார்கள். நான் படுத்துவிட்டால் தினமும் எனக்கு யார் வழித்துவிடுவார்கள்? சவரம் ஒரு நாளைக்கு. ஊசிதான் பிணத்துக்கும் சேர்த்து. பெயரும் அப்படித்தான். மாநாட்டில் படித்த பெயரைத்தான் சங்கம் போஸ்டரில் போடும். எனக்கு இரண்டும் வேண்டும், முகமும் பெயரும். ஒன்று இருந்து ஒன்று இல்லையென்றால் சுவரில் வேறு எவனோ ஒட்டப்படுவான்.

இரண்டு தடவை போகாததற்குப் பிலோமினா கத்தவில்லை. "இன்னொரு தடவை வரலைன்னா உங்க நேரத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துருவேன். எனக்குக் க்யூ நிக்குது" என்றாள். அவ்வளவுதான்.

மாநாட்டுத் தேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை. நேற்று. பிலோமினாவின் திங்கட்கிழமை இன்று. புரிகிறதா? ஞாயிறு மேடைக்கு வழித்தால் திங்கள் ஊசி இல்லை, நேரமும் போச்சு. திங்களுக்கு வளர்த்தால் ஞாயிறு மேடையில் தாடி.

வியாழக்கிழமை நாச்சிமுத்து என் வீட்டுக்கு வந்தான். என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். முன்பு வாடா போடா என்று பேசியவன். சேலை கட்டின நாளிலிருந்து தோழர் என்கிற ஒரு வார்த்தையில் ஒளிந்துகொண்டு பேசுகிறான்.

"தோழர், என்ன இது?"

"தாடி."

"அது தெரியுது. ஒரு வருசத்துல மொகம் செரியாயிரும்னு நீங்கதான சொன்னீங்க? அத நம்பித்தான கமிட்டியில பேசி வெச்சேன்?"

"இன்னும் ஒரு வருஷம் ஆகும் நாச்சிமுத்து."

"இப்பிடி வந்து நின்னு, நான் மரகதம்னு படிச்சா சனம் சிரிக்கும். உங்களப் பாத்தில்ல. சங்கத்தப் பாத்துச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நாம பாக்காத சிரிப்பா?"

"நீங்க சிரிக்கட்டும்னு சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போயிருவீங்க. அடுத்த வாரம் மொதலாளிகூடக் கூலிப் பேச்சுவார்த்தைக்கு நானல்லோ போகோணும்? 'என்ன நாச்சிமுத்து, தாடி வெச்ச மரகதம் வரலியா'ன்னு அவன் கேட்டா நான் மொகத்த எங்க கொண்டு போய் வெக்கறது?" அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு சொன்னான். "ஒரே ஒரு நாள் செரைச்சுட்டு வாங்க. வெள்ள முடிதான? செரைச்சா தெரியவே தெரியாது. நான் படிக்கறேன். சத்தியமாப் படிக்கறேன்."

அவன் சொன்னது சரி. அதுதான் என்னைக் கொன்றது.

பிலோமினாவுக்குப் போன் செய்தேன். "சிஸ்டர், ஒரு வாரம் தள்ளிப் பார்க்க முடியுமா? கோயம்புத்தூருக்கே வர்றேன்." "அங்க எல்லா நாளும் ஆள் இருக்குதுங்க. வழிச்சீங்கன்னா வராதீங்க. வந்தா திட்டுவேன்." நான் வாழ்க்கையில் யாரையும் கெஞ்சினதில்லை. அன்று கெஞ்சினேன். போனை வைத்துவிட்டாள்.

நேற்றுக் காலையில் கண்ணாடி முன்னால் நின்றேன். சோப்பு நுரையை முகம் முழுக்கப் பூசினேன். பிளேடைக் கையில் எடுத்தேன். பதினெட்டு வயதிலிருந்து தினமும் இதே வேலை. ஆம்பளை செய்கிற வேலையைச் செய்து முடித்தால்தான் பெண்ணாக வாசலைத் தாண்டலாம். நுரை காய்ந்து தோல் இழுக்கிறவரைக்கும் நின்றேன். சகுந்தலாவின் தாடையைப் பிடித்துத் திருப்பின அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது. முகத்தைக் கழுவிவிட்டு இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

மண்டப வாசலில் நாச்சிமுத்து. என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். திருப்பி அனுப்ப முடியாது. ஏனென்றால், எங்கள் மாநாட்டில் ஒரு வழக்கம். முதல் வேலை, போன மாநாட்டுக்குப் பிறகு செத்துப்போன தோழர்களின் பெயரைப் படிப்பது. எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். பெயர், ஊர், எந்தக் கூடம். ஒவ்வொரு பெயருக்கும் மண்டபம் முழுக்க "வீரவணக்கம்" என்று குரல் கொடுக்கும். எத்தனையோ வருஷமாக அதைப் படிக்கிறது நான்தான். பேப்பர் இல்லாமல் படிப்பேன். வேறு யார் படித்தாலும் பாதியில் அழுதுவிடுவார்கள்.

"மேடைக்கு வேண்டாம் தோழர்" என்றான். "திரைக்குப் பின்னால மைக் செட்டுக்காரன் உக்காந்திருக்கான். அங்கிருந்தே படிங்க. உங்க குரல் போதும்."

குரல் போதுமாம். முப்பது வருஷக் குரல். ஆம்பளைக் குரல் என்றாலும் பரவாயில்லை, முகம்தான் வேண்டாம். "உயிரோட இருக்கறவங்க பேர் படிக்கறப்ப என் பேர் வருமா?" என்று கேட்டேன். "இந்தத் தடவை எந்தப் பேரும் வேண்டாம். பழசும் வேண்டாம், புதுசும் வேண்டாம். அடுத்த மாநாட்டுல பாத்துக்கலாம்" என்றான். சரி என்றேன். நான் ஒத்துக்கொண்டதை அவனே நம்பவில்லை, என் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

இன்று காலையிலிருந்து போன் செய்துகொண்டே இருக்கிறான். எடுக்கவில்லை. கமிட்டி கூட்டுகிறார்களாம், யாழினி சொன்னாள். கூட்டட்டும். ஆறாவது அநியாயம் தயாராகிறது, வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் ஸ்டாப் அடுத்ததா? முடித்துவிடுகிறேன்.

திரைக்குப் பின்னால் நின்று படித்தேன். செத்துப்போன தோழர்கள் ஒவ்வொருவராக. ஒவ்வொரு பெயருக்கும் வீரவணக்கம், வீரவணக்கம் என்று மண்டபம் அதிர்ந்தது. மைக் செட்டுக்காரன் என்னைப் பார்க்காமல் மிஷினையே பார்த்துக்கொண்டு இருந்தான். கடைசிப் பெயர் முடிந்தது. நான் நிறுத்தவில்லை. "குமாரபாளையம். மேட்டுத்தெருக் கூடம். சங்கத்தில் முப்பது வருஷம். கூலி உயர்வுப் போராட்டத்தில் முழங்காலைக் கொடுத்தவர்" என்று சொல்லி இன்னொரு பெயரைப் படித்தேன். என் பழைய பெயர். அது என்ன என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அதைக் கடைசியாகச் சொன்ன வாய் என்னுடையதாக இருக்கட்டும்.

வாய்ப்பழக்கம் பாருங்கள் அம்மிணி. மண்டபம் முழுக்க "வீரவணக்கம்" என்றது. நாச்சிமுத்துவின் குரலும் அதில் கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று அவர்களுக்கு உறைத்தது. ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் மைக்கை எடுத்துக்கொண்டு திரையை விலக்கி முன்னால் வந்தேன். இந்தச் சேலை, இந்தத் தாடி. பின்னாலிருந்து ஒருத்தன் விசில் அடித்தான். "தாடிக்காரி வந்துட்டா டோய்" என்றான் ஒருத்தன். சிரிப்பு கிளம்பியது. நாச்சிமுத்து ஓடி வந்து மைக்கைப் பிடித்தான். "போதும் தோழர். மானம் போகுது." இரண்டு கையாலும் இழுத்தான். ஆனால் நான் விடவில்லை. அவனுக்குத் தெரியும், நான் பிடித்ததை விடமாட்டேன்.

கொஞ்சம் பேர் உட்காரப் போனார்கள். "உட்காராதீங்க" என்றேன். "இறந்தவங்க பேர் முடிஞ்சுது. வந்தவங்க பேர் ஒண்ணு பாக்கி இருக்குது. நின்னுட்டே கேளுங்க. நாளைக்கு என் பொணத்துக்கு முன்னால எவனாவது வந்து வேற பேர் சொன்னா, நாங்க எங்க காதால கேட்டோம்னு சாட்சி சொல்லறதுக்கு எனக்கு வேற யாரும் இல்ல."

நின்றார்கள். எல்லாரும் இல்லை. ஆனால் நின்றார்கள். நாச்சிமுத்து மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதே குரலில்தான் படித்தேன், செத்தவர்களைப் படித்த அதே குரலில்.

"குமாரபாளையம். மேட்டுத்தெருக் கூடம். தோழர் மரகதம்."